கோபுரமும் குடியேறியோரும்

ஒரு மக்கள் கூட்டம் தன்னை இன்னாரென்று சொல்லிக்கொள்ளத் தொடங்கும்போதே, இன்னார் தம்மவர் அல்லர் என்ற வரையறையும் உடன் தோன்றிவிடுகிறது. இதில் வியப்புமில்லை, குற்றமுமில்லை. ஆனால் அவ்வரையறை அச்சமாக முற்றுவதும், அவ்வச்சம் அரசியலாக வளர்வதும் தாமாக நிகழ்வன அல்ல. அவற்றை ஆக்குவோர் உளர். ஆக்குவதற்குரிய தேவைகளும் உள. அத்தேவைகளை அடையாளங்காண்பது பண்பாட்டுத் திறனாய்வின் பணிகளுள் ஒன்று. தமிழ் முஸ்லிம்களாகிய நமக்கு இது ஏட்டளவில் நின்றுவிடும் ஆராய்ச்சியன்று. 'வந்தவர்கள்' என்ற சொல் எப்பொழுது, எத்திசையிலிருந்து நம்மீது வந்து விழும் என்று அறியாமல் வாழும் சமுதாயம் நம்முடையது. அச்சொல்லுக்கு நாம் வழக்கமாகச் சொல்லிவரும் மறுமொழி சரியானதுதானா என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

அதற்கு ஏற்ற களமாக, மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் இடைவெளியில் அமைந்த இரண்டு ஊர்களை எடுத்துக்கொள்வோம். ஒன்று ஸ்ரீவில்லிபுத்தூர். பெரியாழ்வாரும் ஆண்டாளும் பிறந்த ஊர். தமிழக அரசின் முத்திரையில் நிற்கும் கோபுரம் இவ்வூரினதே என்று பல தலைமுறைகளாக நம்பப்பட்டு வருகிறது. மற்றொன்று இராஜபாளையம். தெலுங்கு பேசும் இராஜூக்கள் வந்து குடியமர்ந்து, தம் பெயரையே ஊருக்குப் பெயராக்கிய இடம். தமிழ் அடையாளத்தின் சின்னம் ஓரூரிலும், அவ்வடையாளத்துக்கு அயலார் என்று சிலரால் சுட்டப்படுவோர் அடுத்த ஊரிலும் இருக்கின்றனர். இவ்விரண்டையும் ஒருசேர வைத்து நோக்கினால் 'நம்மவர், அயலார்' என்ற பாகுபாடு எவ்வளவு உறுதியானது என்பது விளங்கும்.

ஆங்கிலேயர் என்னும் முன்னுதாரணம்

தேசிய அடையாளம், அதற்கு வெளியிலிருந்து வரும் ஆபத்து என்ற சொற்களோடு நாம் சிந்திக்கக் கற்றதே ஆங்கிலேயரின் எழுத்துகள் வழியாகத்தான். ஆதலின் அவர்கள் கதையை முதலில் சுருக்கமாகக் காண்பது பொருந்தும்.

1688க்குப் பின் இங்கிலாந்தின் அரியணையில் அமர்ந்த மூன்றாம் வில்லியம் ஒல்லாந்து நாட்டவர். 1700இல் ஜான் டட்சின் என்பவர் 'அந்நியர்' என்ற பொருள்படும் தலைப்பில் ஒரு செய்யுள் எழுதி, மன்னரையும் அவருடன் வந்த ஒல்லாந்தரையும் சாடினார். அதற்கு மறுப்பாக 1701இல் டேனியல் டீஃபோ 'கலப்பற்ற ஆங்கிலேயன்' என்னும் அங்கதச் செய்யுளை வெளியிட்டார். உரோமர், சாக்சனியர், டேனியர், நார்மானியர் என அடுத்தடுத்து வந்தவர்கள் கலந்து உருவான ஒரு கூட்டம், தன்னைத் தூய குருதியினர் என்று சொல்லிக்கொண்டு, நேற்று வந்தவனை இழிவு செய்வது நகைப்புக்கிடமானது என்பது அதன் சாரம். நூல் பெரும் வரவேற்பைப் பெற்றது. மக்கள் வாங்கிப் படித்தனர், சிரித்தனர். ஆயினும் அந்நிய அச்சம் அகலவில்லை. பொய் என்று நிறுவப்பட்ட பின்னும் ஒரு நம்பிக்கை நிலைக்குமானால், அது உண்மை என்பதற்காகக் கைக்கொள்ளப்பட்டதன்று, ஏதோ ஒரு பயன் கருதிக் கைக்கொள்ளப்பட்டது என்றே கொள்ளவேண்டும்.

அப்பயன் யாது என்பதை லிண்டா கோலி 1992இல் வெளியிட்ட 'பிரித்தானியர்' என்ற வரலாற்று நூல் விளக்குகிறது. 1707இல் இங்கிலாந்தும் ஸ்காத்லாந்தும் ஒன்றாக்கப்பட்டபோது இரண்டுக்கும் பொதுவான மரபுகள் குறைவாகவே இருந்தன. கத்தோலிக்கப் பிரான்சுடன் நிகழ்ந்த நெடும்போர்களும், கடல்கடந்த பேரரசும், புராட்டஸ்டண்ட் சமயமுமே அவ்விரு நாட்டாரையும் ஒரே தேசத்தாராக உணரச் செய்தன என்பது அவர் கண்ட முடிவு. எதிரி ஒருவன் இருந்தமையால் 'நாம்' என்ற உணர்வு உண்டாயிற்று. பேரரசு மறைந்து, 1999இல் ஸ்காத்லாந்துக்கும் வேல்ஸுக்கும் தனி மன்றங்கள் அமைந்த காலத்தில், தனித்த ஆங்கில அடையாளம் மீண்டும் தேடப்பட்டது. புனித ஜார்ஜின் செஞ்சிலுவைக் கொடி அதன் சின்னமாக உயர்த்தப்பட்டது. அப்புனிதரோ இங்கிலாந்தின் மண்ணை மிதித்தவரல்லர். மரபுவழிச் செய்திகள் அவரை இன்றைய துருக்கியின் பகுதியான கப்படோக்கியாவோடும், பாலஸ்தீனத்தின் லித்தா நகரோடும் தொடர்புபடுத்துகின்றன.

2024 ஜூலை 29 அன்று சவுத்போர்ட் நகரில் மூன்று சிறுமியர் கொல்லப்பட்டனர். கொன்றவன் அடைக்கலம் தேடிப் படகில் வந்த ஒரு முஸ்லிம் என்ற பொய்ச்செய்தி சில மணி நேரத்தில் நாடெங்கும் பரவியது. மறுநாள் மாலை அந்நகரின் பள்ளிவாசல் தாக்கப்பட்டது. குற்றவாளி வேல்ஸின் கார்டிஃப் நகரில் பிறந்தவன் என்று அறிவிக்கப்பட்ட பிறகும் கலவரம் வேறு பல ஊர்களுக்குப் பரவியது. டீஃபோவின் காலத்தில் ஒல்லாந்தர், பின்னர்ப் பிரெஞ்சுக் கத்தோலிக்கர், ஐரியர், யூதர், இப்பொழுது முஸ்லிம்கள். அயலாருக்கென்று ஒதுக்கப்பட்ட இருக்கை ஒருபோதும் காலியாக விடப்படுவதில்லை. அதில் அமர்த்தப்படுவோர் மட்டுமே மாறுகின்றனர்.

முத்திரையில் நிற்கும் கோபுரம்

இனி நம் ஊருக்கு வருவோம். ஸ்ரீவில்லிபுத்தூர் வடபத்ரசாயி கோயிலின் கோபுரம் 11 நிலைகளும் 192 அடி உயரமும் உடையது. 1949இல் சென்னை மாகாணத்துக்கு முத்திரை வரையப்பட்டபோது ஓவியர் ஆர். கிருஷ்ணராவ் மாதிரியாகக் கொண்டது மதுரைக் கோயிலின் மேலைக்கோபுரமே என்றொரு கருத்தும் உண்டு. எனினும் மக்கள் மனத்தில் அது ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோபுரமாகவே பதிந்துவிட்டது.

எக்கோபுரம் என்பதைக் காட்டிலும் எந்த மாகாணம் என்பது நம் ஆய்வுக்கு முக்கியமானது. 1949இன் சென்னை மாகாணம் தமிழ் வழங்கும் நிலப்பகுதி மட்டுமன்று. கடலோர ஆந்திரமும் இராயலசீமையும் மலபாரும் தென்கன்னடமும் அதில் அடங்கியிருந்தன. 1953இல் ஆந்திரம் பிரிந்தது; 1956இல் மொழிவழி மாநிலங்கள் அமைந்தன; 1969இல் 'தமிழ்நாடு' என்ற பெயர் நடைமுறைக்கு வந்தது. நான்கு மொழியினரின் மாகாணத்துக்கு வரையப்பட்ட இலச்சினை, பிறர் பிரிந்து சென்றபின் தமிழரின் தனிச்சின்னமாகப் பொருள் மாறியது. சின்னங்களுக்கு இத்தகைய பொருள்மாற்றம் இயல்பே. ஆனால் அது தொடக்கத்திலிருந்தே நமக்கு மட்டும் உரியதாக இருந்தது என்று வாதிடுவது வரலாறாகாது.

ஊரின் வரலாறும் இதனையே காட்டுகிறது. மதுரையை 1623 முதல் 1659 வரை ஆண்ட திருமலை நாயக்கர் தெலுங்கைத் தாய்மொழியாகக் கொண்ட மரபினர். அவர் கட்டிய அரண்மனை ஸ்ரீவில்லிபுத்தூரில் உள்ளது. அவருக்கு ஒரு நூற்றாண்டு முன்பு விஜயநகரப் பேரரசர் கிருஷ்ணதேவராயர் தெலுங்கில் 'ஆமுக்தமால்யதா' என்னும் காவியத்தை இயற்றினார். தெலுங்கு இலக்கியத்தின் சிகரங்களுள் ஒன்றாக மதிக்கப்படும் அக்காவியத்தின் தலைவி ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள். இன்றளவும் ஆண்டாள் சூடிய மாலை திருமலைப் பிரம்மோற்சவத்துக்கு இங்கிருந்து செல்கிறது. மார்கழியில் திருமலையில் சுப்ரபாதத்துக்கு மாற்றாகத் திருப்பாவை ஓதப்படுகிறது. தமிழுக்கே உரியவள் என்று நாம் போற்றும் கவிஞருக்குப் பெருங்காவியம் அமைத்துத் தந்தவர் வேற்றுமொழி அரசர். இதனால் ஆண்டாள் தமிழிலிருந்து பறிக்கப்பட்டுவிடவில்லை. தமிழின் எல்லை விரிந்தது.

ராஜூக்களின் ஊர்

இராஜபாளையத்தின் இராஜூக்கள் விஜயநகர ஆட்சியின் தொடர்ச்சியாகத் தெற்கே வந்தவர்கள் என்பது அவர்களின் குடிமரபு. வீட்டுமொழி தெலுங்கு, கல்வி, வாணிகம், பொதுவாழ்வு யாவும் தமிழ். இவ்வூரினரான பூ.ச. குமாரசுவாமி ராஜா 1949 ஏப்ரல் முதல் 1952 ஏப்ரல் வரை சென்னை மாகாணத்தின் முதல்வராக இருந்தார். தம் இல்லத்தைக் காந்தி கலைமன்றத்துக்கு வழங்கியவர் அவர். பி.ஏ.சி. இராமசாமி ராஜா 1936இல் தொடங்கிய பஞ்சாலை இவ்வூரின் பொருளாதாரத்தை மாற்றியமைத்தது. இவ்வூரின் பெயர் தாங்கிய நாயினம், தமிழகத்தின் நாட்டு நாய் என்று பெருமையுடன் சுட்டப்படுகிறது. 2005இல் அஞ்சல்தலையிலும் இடம்பெற்றது. நாய்க்கு எளிதாகக் கிடைத்த மண்ணின் உரிமை, அதனை வளர்த்தவர்களுக்கு மட்டும் ஏன் கேள்விக்குரியதாக இருக்கவேண்டும்?

ஏனெனில் கடந்த சில பத்தாண்டுகளில் தமிழ்த்தேசியம் பேசுவோரில் ஒரு சாரார், ஐந்து நூற்றாண்டுகளாக இங்கு வாழும் தெலுங்கு, கன்னடக் குடிவழியினரை 'வந்தேறிகள்' என்றே அழைக்கின்றனர். திராவிடம் என்ற சொல் தமிழரை ஏமாற்ற வந்த போர்வை என்பது அவர்கள் கூற்று. 1856இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை எழுதி, தமிழின் தனித்தன்மைக்கு மொழியியல் அடித்தளம் இட்ட கால்டுவெல் அயர்லாந்தில் பிறந்து இடையன்குடியில் வாழ்ந்தவர். தமிழ்ப்பெருமையின் கருவிகளையே அயலார் கையிலிருந்து பெற்ற நாம், அயலாரை அஞ்சுவதில் பொருத்தமில்லை.

இவ்விடத்தில் நியாயமான ஒரு வாதத்தைப் புறக்கணித்தல் கூடாது. தமிழருக்கு நேர்ந்த ஆபத்துகள் யாவும் கற்பனையல்ல. 1938இலும் 1965இலும் இந்தித் திணிப்புக்கு எதிராக எழுந்த போராட்டங்களுக்கு மெய்யான காரணம் இருந்தது. அதற்காக உயிர்கள் ஈயப்பட்டன. ஆயினும் அப்போராட்டங்களின் இலக்கு ஒரு சட்டம், ஓர் ஆணை, ஓர் அரசு. பக்கத்து வீட்டில் வேற்றுமொழி பேசும் குடும்பம் அவற்றின் இலக்கன்று. அதிகாரத்தை எதிர்ப்பதும் அண்டை வீட்டாரை அஞ்சுவதும் ஒரே உணர்வின் இரு அளவுகள் என்று கருதுவது பிழை. முன்னது வலியவனை நோக்கிப் பேசுகிறது. பின்னது பெரும்பாலும் எளியவனிடமே தன் வலிமையைக் காட்டுகிறது. ஒரு தேசிய இயக்கத்தை மதிப்பிடுவதற்கு இவ்வேறுபாட்டைவிடச் சிறந்த அளவுகோல் இல்லை.

ஆண்டாள் யாருடையவள்?

2018 ஜனவரியில் கவிஞர் வைரமுத்து 'தமிழை ஆண்டாள்' என்னும் கட்டுரையை இராஜபாளையத்தில் அரங்கேற்றினார். தினமணி அதனை வெளியிட்டது. ஆண்டாளின் பிறப்புக் குறித்து ஆய்வுநூல் ஒன்றிலிருந்து அவர் எடுத்துக்காட்டிய கருத்து பெரும் கொந்தளிப்பை உண்டாக்கியது. கவிஞரும் நாளிதழும் வருத்தம் தெரிவித்தனர். ஸ்ரீவில்லிபுத்தூர் ஜீயர் உண்ணாநோன்பு இருந்தார். அக்கட்டுரையின் பெரும்பகுதி ஆண்டாளின் கவித்துவத்தைப் போற்றுவது. ஆனால் அது படிக்கப்படவே இல்லை எனலாம். எடுத்துக்காட்டப்பட்ட கருத்துக்குச் சான்று வலிதா, மெலிதா என்ற ஆராய்ச்சியும் நிகழவில்லை.

வாதம் முழுவதும் உரிமையைப் பற்றியதாகவே இருந்தது. ஒருசாரார் ஆண்டாளைச் சமயத்தின் உடைமை என்றும், சமயத்துக்கு வெளியே நிற்போர் அவளைப் பற்றிப் பேசுவதே படையெடுப்பு என்றும் கொண்டனர். மறுசாரார் அவள் தமிழின் உடைமை என்றும், அவளைச் சமயத்துக்குள் அடைப்போரே வெளியார் என்றும் எதிருரைத்தனர். நம்பிக்கையாளரின் மனவருத்தம் மெய்யானது. அதனை எள்ளுவது பண்பன்று. பெருமானார் (ஸல்) அவர்களைப் பற்றிய இழிவுரைகளால் மனம் நொந்திருக்கும் நாம் அவ்வருத்தத்தை அறிவோம். ஆனால் இலக்கியம் பற்றிய ஒரு வினா, 'நீ உள்ளாளா, வெளியாளா' என்ற வினாவாக மாறிய கணமே திறனாய்வுக்கு அங்கே இடமில்லாமற் போயிற்று.

அவ்வேளையில் தமிழ் முஸ்லிம் அறிவுலகம் பெரும்பாலும் வாய் திறக்கவில்லை. அது விவேகமாகவே இருக்கலாம். எனினும் ஸ்ரீவில்லிபுத்தூர் நமக்குத் தொடர்பற்ற ஊர் என்ற எண்ணம் அம்மௌனத்துக்குக் காரணமாயின், அது சரியன்று. பிள்ளைத்தமிழ் என்னும் இலக்கிய வகையின் முன்னோடி, கண்ணனைக் குழந்தையாக்கிப் பாடிய பெரியாழ்வார். அவர் இட்ட வித்து ஒட்டக்கூத்தரிடம் தனிநூலாக வளர்ந்து, 19ஆம் நூற்றாண்டில் செய்யிது அனபிய்யா புலவரிடம் நபிகள் நாயகம் பிள்ளைத்தமிழாக மலர்ந்தது. வடிவம் வந்தது, வழிபாட்டுப் பொருள் வரவில்லை. நபிகளாரை இறைவனாக்காமல், காப்புப் பருவத்தில் ஏக இறைவனின் காவலை வேண்டி, தவ்ஹீதின் வரம்புக்குள் நின்றே தமிழ் மரபைத் தமதாக்கிக்கொண்டனர் நம் புலவர்கள். ஒரு பண்பாட்டினுள் தன் கொள்கையை இழக்காமல் இடம்பெறுவது எவ்வாறு என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

இதனோடு ஒப்பிடத்தக்கது துலுக்க நாச்சியார் கதை. திருவரங்கத்துத் திருமேனி தில்லிக்குக் கொண்டுசெல்லப்பட்டதாகவும், சுல்தானின் மகள் அதன்மீது காதல்கொண்டு பின்தொடர்ந்து வந்து உயிர்நீத்ததாகவும் கூறும் இக்கதை வரலாறன்று; 14ஆம் நூற்றாண்டுப் படையெடுப்புகளின் கசப்பான நினைவிலிருந்து பிறந்த புனைவு. இன்றும் திருவரங்கத்தில் அவளுக்குத் தனி இடமுண்டு, ரொட்டி படைக்கப்படுகிறது, பெருமாளுக்குக் கைலி உடுத்தப்படுகிறது. நல்லிணக்கத்தின் அடையாளமாக மேடைதோறும் இக்கதை எடுத்துரைக்கப்படுகிறது. படையெடுத்து வந்தோரின் மகளையே மணமகளாக்கிய மனவிரிவு போற்றத்தக்கதுதான். ஆயினும் கதையின் நிபந்தனையையும் நோக்கவேண்டும். அவள் தன் தந்தையை, மார்க்கத்தை, இறுதியில் உயிரையும் விட்ட பின்னரே ஏற்கப்படுகிறாள். கரைந்து போகிறவரை ஏற்பதும், வேறாக இருப்பவரோடு வாழ்வதும் ஒன்றல்ல. முன்னதைக் கதைகள் செய்யும். பின்னதை நாம்தான் செய்யவேண்டும்.

நமது மறுமொழியின் குறை

'நீங்கள் வந்தவர்கள்' என்ற பழிக்கு நாம் வழக்கமாகச் சொல்லும் விடை, 'இல்லை, நாங்கள் இம்மண்ணின் மைந்தர்கள். எங்கள் தாய்மொழி தமிழ். மதம்தான் வந்தது, மக்கள் வரவில்லை' என்பதாகும். இது பேரளவில் உண்மையே. ஆனால் இவ்விடையில் மூன்று குறைகள் உள்ளன.

முதலாவது, இது நம்மைக் காப்பதில்லை. இலங்கையில் 1888இல் பொன்னம்பலம் இராமநாதன் சோனகர்கள் இனத்தால் தமிழரே என்று வாதிட்டார். அது தங்கள் பிரதிநிதித்துவத்தை மறுப்பதற்கான வழி என்று கருதிய முஸ்லிம்கள் சார்பில் ஐ.எல்.எம். அப்துல் அஸீஸ் 1907இல் மறுப்பு நூல் வெளியிட்டார். நூறாண்டுகள் கழித்து, 1990 அக்டோபரில், தமிழன்றி வேறு தாய்மொழி அறியாத வடமாகாண முஸ்லிம்கள் சுமார் 70,000 பேரை விடுதலைப் புலிகள் வெளியேற்றினர். யாழ்ப்பாணத்தில் வழங்கப்பட்ட அவகாசம் சில மணி நேரமே. தேவைப்பட்டபோது 'நீங்கள் தமிழர்' என்றும், தேவை மாறியபோது 'நீங்கள் தமிழரல்லர்' என்றும் தீர்ப்பு வந்தது. மொழித்தேர்வில் முழு மதிப்பெண் பெற்றவர்களும் துரத்தப்பட்டனர். தேர்வின் முடிவு மதிப்பெண்ணைப் பொறுத்ததன்று என்பதை இதைவிடத் தெளிவாக எந்நிகழ்வும் உணர்த்தாது.

இரண்டாவது, இவ்விடை நம்மவரையே கைவிடுகிறது. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு பகுதிகளில் உருது பேசும் முஸ்லிம்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்கின்றனர். தோல் தொழிலை வளர்த்தவர்கள். 1919இல் வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரியை நிறுவியவர்கள். தாய்மொழி தமிழ் என்பதே குடியுரிமையின் சான்றாயின், அவர்களின் நிலை என்ன? 'நாங்கள் வந்தேறிகள் அல்லர்' என்று சொல்லும்போது, வந்தேறிகள் வேறு எவரோ இருக்கிறார்கள் என்று நாமே ஒப்புக்கொண்டு, சுட்டுவிரலை இராஜூக்கள் மீதும், உருது பேசுவோர் மீதும், கட்டடப் பணிக்கு வந்த பீகார்த் தொழிலாளி மீதும் திருப்பிவிடுகிறோம்.

மூன்றாவது, இவ்விடை நம் சொந்த வரலாற்றுக்கு நன்றி மறந்தது. சீறாப்புராணம் பாடிய உமறுப்புலவர் எட்டயபுரம் அரண்மனையின் புலவர். அவ்வரண்மனையார் தெலுங்கு பேசும் பாளையக்காரர்கள். தமிழ் முஸ்லிம்களின் தலையாய காவியத்தைத் தந்த புலவருக்கு அவைக்களம் அளித்த குடியினரை வந்தேறிகள் என்று சொல்லும் கூட்டத்தில் நாம் எவ்வாறு சேர முடியும்? இராஜபாளையத்துக்குத் தெற்கே தென்காசிச் சாலையில் உள்ள கடையநல்லூரின் முஸ்லிம்கள் சிங்கப்பூருக்கும் பினாங்குக்கும் சென்று குடியேறினர். அங்கே அவர்கள்தாம் வந்தவர்கள். அந்நாடுகளில் நம்மவருக்கு எவ்வுரிமையை வேண்டுகிறோமோ, அதனை இங்கு வந்தோருக்கு மறுக்க நமக்கு நியாயமில்லை.

ஆகவே, யார் முந்தி வந்தார் என்ற கேள்விக்குச் சிறந்த விடை தேடுவதை விட்டு, அக்கேள்வியையே மறுக்கவேண்டும். ஒருவர் ஓர் ஊருக்கு உரியவராவது, அவ்வூரின் சுமையையும் நலனையும் பகிர்வதால். முன்னோர் புதைந்த ஆண்டுக் கணக்கால் அன்று. இதனைச் சொல்லும் தகுதி நமக்குக் கூடுதலாகவே உண்டு. நம் ஆண்டுக்கணக்கு, பெருமானாரின் பிறப்பிலிருந்தோ ஒரு வெற்றியிலிருந்தோ தொடங்குவதில்லை. மக்காவிலிருந்து மதீனாவுக்குச் சென்ற ஹிஜ்ரத்திலிருந்து தொடங்குகிறது. அந்நகரில் முஹாஜிர்கள் வந்தவர்கள்; அன்ஸார்கள் வரவேற்றவர்கள். மார்க்க வரலாற்றில் இரு பெயர்களுக்கும் கண்ணியம் உண்டு. குடியேற்றத்தைக் காலத்தின் தொடக்கமாகக் கொண்ட ஒரு சமுதாயம், குடியேறியவன் என்ற சொல்லை வசையாக ஏற்பதும் தகாது. பிறர்மீது வசையாக எறிவதும் தகாது.